தலைவலின்னு வர்றவரை எப்போ வேலைக்கே திருப்பி அனுப்பலாம், எப்போ 108-ஐக் கூப்பிடணும்?

ஓஎம்ஆர்_முதலுதவி கேட்டது:

வணக்கம். சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) சோழிங்கநல்லூரில் 400 பேர் வேலை செய்யும் அலுவலகம், மூன்று ஷிப்ட். முதலுதவி அறையில் பகலில் ஒரு நர்ஸ் உண்டு. இரவில் முதலுதவிப் பயிற்சி எடுத்த ஊழியர்கள் மட்டும்தான். அந்த அறையில் தினமும் கேட்கிற வசனம் ஒன்றுதான்: "தலை வலிக்குது, ஒரு மாத்திரை குடுங்க." இதற்காக ஒரு பக்க வழிகாட்டி தயாரித்துச் சுவரில் ஒட்டப்போகிறோம்.

மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, டாக்டர் இல்லாதவர் இரண்டு நிமிடத்தில் என்ன கேட்டால் ஆபத்தான தலைவலியைப் பிரிக்கலாம்? இரண்டு, மாத்திரை கொடுப்பதற்கு எது எல்லை? மூன்று, சாயங்காலம் 4 மணிக்கு மேல் வரிசையாக வருகிற அந்த டென்ஷன் தலைவலியை வராமலே தடுக்க என்ன வழி? "தண்ணி குடிங்க, ரெஸ்ட் எடுங்க" ரகப் பதில்கள் ஏற்கனவே சுவரில் இருக்கின்றன.

---

நைட்_டியூட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு நர்சிங்):

"எவ்வளவு வலிக்குது?" என்ற கேள்வியை அந்தத் தாளில் முதலில் போடாதீர்கள். 10க்கு 9 என்று அழுகிறவருக்கு வழக்கமான மைக்ரேனாக இருக்கும், இருட்டறையில் படுத்தால் சில மணி நேரத்தில் எழுந்துவிடுவார். 10க்கு 4 என்று சொல்லிக்கொண்டே நிற்கிற 60 வயது செக்யூரிட்டிக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கேட்க வேண்டியவை: எப்படி ஆரம்பித்தது, கூட என்ன வந்தது, யாருக்கு வந்தது.

எப்படி ஆரம்பித்தது என்பதில் ஒரே ஒரு விடைதான் உங்களை ஓட வைக்க வேண்டும். "நல்லாத்தான் இருந்தேன், பளார்னு அடிச்ச மாதிரி வந்துச்சு." ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி, வேறு ஏதாவது என்று நிரூபிக்கப்படும்வரை மூளையைச் சுற்றி ரத்தக்கசிவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணியில் கொஞ்சம் குறைந்தது என்று அவரே சொன்னாலும் அனுப்பியே ஆக வேண்டும். காரணம் நேரக் கணக்கு: முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடி ஸ்கேனில் இந்தக் கசிவு ஏறக்குறைய தப்பாமல் தெரியும். அதற்குப் பிறகு ஸ்கேனில் மங்கிக்கொண்டே போகும், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். ரத்தக்குழாய் வெடித்த இடம் மறுபடி வெடிக்கும் அபாயமும் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். பாரம் தூக்கும்போது, கழிப்பறையில் முக்கும்போது, உடலுறவின்போது வருவதுண்டு. இதைக் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். "என்ன செஞ்சிட்டிருந்தப்போ வந்துச்சு?" என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

கூட என்ன வந்தது:

வாய் கோணல், ஒரு கை ஒரு கால் வலுவிழப்பு, பேச்சுக் குளறல், பாதிப் பார்வை மறைதல். தலைவலி லேசாக இருந்தாலும் இது பக்கவாதம்தான். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று ஒரு சீட்டில் எழுதி அவருடனேயே அனுப்புங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது அவர் கடைசியாக நன்றாக இருந்ததாக நீங்கள் எழுதிய நேரத்திலிருந்துதான், அவர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய நேரத்திலிருந்து அல்ல. நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற பழக்கத்தில் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. வாயில் தண்ணீரும் வேண்டாம், விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போகும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கண் முன்னால் வளைந்து நெளிந்து மின்னும் கோடுகள், கை மரத்தல் எல்லாம் மைக்ரேனுக்கு முன்பும் வரும். அது மெதுவாகப் பரவும், 5 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நகரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பக்கவாதம் ஒரே அடியாக வரும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறை என்றால் இந்த ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

காய்ச்சலோடு தலைவலி. தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். பிடரி விறைத்துத் தொட முடியவில்லை, வெளிச்சம் பட்டால் முகம் சுளிக்கிறார், பேச்சு பொருந்தவில்லை, தோலில் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் என்றால் மூளைக்காய்ச்சல் சந்தேகம். மழைக்காலத்தில், குறிப்பாக அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறிச்சல், காய்ச்சல் என்று வந்தால் டெங்குவை நினையுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைத் தூண்டும். டெங்குவில் ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நாள்தான். ஜுரம் விட்டது என்று ஷிப்டுக்கு வருவார். அன்று வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

மே மாத வெயிலில் நின்ற டிரைவர், செக்யூரிட்டி, டெலிவரி பையன்: தலைவலி, கிறுகிறுப்பு, வியர்வை என்றால் நிழல், உப்புச்சர்க்கரைக் கரைசல். உளறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டி.

யாருக்கு வந்தது. இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான சுவரொட்டிகள் விட்டுவிடுகின்றன.

50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தலைவலி. தலை வாரும்போது நெற்றிப்பொட்டு தொட்டாலே வலிக்கிறது, சாப்பிட மென்றால் தாடை கடுக்கிறது என்றால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அரிது, ஆனால் தவறவிட்டால் பார்வை போய்விடும். அன்றே அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கர்ப்பிணி, அல்லது பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர். 20 வாரத்துக்கு மேல் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்து பிபி 140/90-ஐத் தொட்டால் அன்றே மகப்பேறு மருத்துவரிடம். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு ஆபத்து: மூளையின் சிரைகளில் ரத்தம் உறைதல். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உடம்பில் நீர் குறைவதும் அந்த நேரத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுவதும் சேர்ந்தால் இது வரும். பெரும்பாலும் பளார் என்று வராது, நாள்பட நாள்பட ஏறும், பிறகு வலிப்போ ஒரு பக்க பலவீனமோ காட்டும். சாதாரண சிடி ஸ்கேன் சரியாக இருந்தும் இந்த நோய் இருக்கலாம், சிரைகளைப் படமெடுக்கும் எம்ஆர் அல்லது சிடி வெனோகிராம்தான் உறுதி செய்யும். மகப்பேறு விடுப்பில் இருப்பவர் போனில் சொன்னாலும் இதைக் கேளுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், தலையில் அடிபட்டவர். வயதானவர்களுக்குக் குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டது மூன்று வாரம் கழித்து மந்தமான தலைவலியாக, தூக்கமாக, நடை தள்ளாடலாக வரும். அடிபட்டதையே மறந்திருப்பார்கள். பைக்கிலிருந்து விழுந்து வேலைக்கு வந்துவிட்டவர் இரண்டாவது முறை வாந்தி எடுத்தால், தூக்கம் சொக்கினால், காதிலோ மூக்கிலோ நீர் வழிந்தால் அனுப்புங்கள். பணம் பற்றித் தயங்கினால் சொல்லுங்கள்: சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அரசு ஏற்கிறது, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், படுத்தால் கூடும் அல்லது நின்றால் கூடும் தலைவலி, இருமினாலே பிளக்கும் தலைவலி, வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் தலைவலி: ஓட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாரமே டாக்டர்.

கடைசியாக ஒன்று. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் எல்லாம் உண்டு, ஆனால் சோழிங்கநல்லூரிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பொன்னான நேரம் ஓடிவிடும். 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் இயங்குகிற, பக்கவாத ஊசி போடுகிற இரண்டு ஆஸ்பத்திரிகளை உங்கள் பக்கத்திலேயே இப்போதே போன் போட்டு உறுதி செய்து, எண்களைத் தாளின் மேலே எழுதுங்கள். இரவு 2 மணிக்குத் தேடக் கூடாது.

---

கண்ணாடி_கடைக்கோடி (கண் பரிசோதனை):

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு கண் மட்டும் சிவந்து, அந்தப் பக்கம் தலை பிளந்து, வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறியது. மைக்ரேன் என்று மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டால் பார்வையே போய்விடலாம். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை அல்லது கண் அவசரப் பிரிவு உள்ள எந்த இடமும் சரி, அன்றே.

"பவர் ஏறியிருக்கும், அதான் தலைவலி" என்பது அளவுக்கு மீறிச் சொல்லப்படுகிறது. கண் சோர்வால் வருவது படித்த பிறகு, திரையைப் பார்த்த பிறகு நெற்றியில் வரும் மந்தமான வலி. காலையில் எழும்போதே இருந்தால் கண்ணாடி காரணமில்லை. 40 தாண்டி போனைத் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் வெள்ளெழுத்துக்கான பரிசோதனை உண்மையிலேயே உதவும். பைஃபோகல் போட்டவர் கம்ப்யூட்டரைக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நாடியைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவருக்கு வலிப்பது கண்ணல்ல, பிடரி. கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

---

ஓஎம்ஆர்_முதலுதவி:

நைட்_டியூட்டி மேடம், மிக்க நன்றி, இதுதான் வேண்டும். ஒரு சந்தேகம். எங்களிடம் பிபி மெஷின் இருக்கிறது. தலைவலி என்று வருபவருக்கு 150/96 காட்டினால் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எல்லோரும் "பிரஷர் தலைவலி" என்கிறார்கள்.

---

வார்டு_ரவுண்ட்ஸ் (பொது மருத்துவம்):

எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி இருந்தால் பிபி ஏறும். 150/96 தலைவலியின் காரணமாக இருப்பதைவிட விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் தரையில் ஊன்றி, பேசாமல் 5 நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். வேறொரு நாள் தலைவலி இல்லாதபோதும் பார்த்து, அப்போதும் கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். அது பிபிக்காக, தலைவலிக்காக அல்ல. 180/120-க்கு மேல் போய், கூடவே குழப்பம், பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தால் அவசரம். எண் மட்டும் அதிகம், ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து மளமளவென்று இறக்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். அப்படி இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து அதுவே பக்கவாதமாகலாம்.

"சைனஸ் தலைவலி"யும் இதே கதைதான். உண்மையான சைனஸ் தொற்றில் கெட்டியான சளி, மூக்கடைப்பு, பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும். மாதாமாதம் ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டி, ஊதுபத்தி வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் பிடிக்காமல் போனால் அது மைக்ரேன். மூக்கில் நீர் வடிவது மைக்ரேனிலும் வரும், அதை வைத்துத்தான் ஏமாறுகிறார்கள்.

டென்ஷன் தலைவலியின் அடையாளம்: இரண்டு பக்கமும், இறுக்கிக் கட்டிய மாதிரி, துடிக்காது, படி ஏறினால் கூடாது, வாந்தி இல்லை. வெளிச்சம் அல்லது சத்தம், இரண்டில் ஒன்று தொந்தரவு செய்யலாம், இரண்டும் செய்தால் மைக்ரேன் பக்கம் யோசிக்க வேண்டும். அரை மணி நேரத்திலிருந்து 7 நாள் வரை நீடிக்கலாம். இங்கே ஒரு எளிய கேள்வி போதும்: "வேலையைத் தொடர முடியுதா, படுத்தே ஆகணுமா?" டென்ஷன் தலைவலிக்காரர் புலம்பிக்கொண்டே வேலை செய்வார். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். கண்ணைச் சுற்றிக் குத்தி, அந்தக் கண்ணில் மட்டும் நீர் வழிந்து, உட்கார முடியாமல் உலாவுகிறார், 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால் அது கிளஸ்டர் தலைவலி. அதற்கு வழக்கமான வலி மாத்திரை பயன்படாது, நரம்பியல் டாக்டர்தான்.

காலையில் எழும்போதே தலை கனத்து, சில மணி நேரத்தில் தானாகக் குறைந்து, வீட்டில் குறட்டை பற்றிப் புகாரும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையால் இதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

---

ஸ்ட்ரிப்_கிழிப்பவர் (மருந்தாளுநர்):

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறையில் தலைவலிக்கென்று பாராசிட்டமால் 500 தவிர வேறொன்றும் வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு டென்ஷன் தலைவலியில் பலன் தெரியும் அளவு 1000 மில்லிகிராம், அதாவது 500 இரண்டு. ஒன்று மட்டும் கொடுத்துவிட்டு "வேலை செய்யல" என்று ஒரு மணி நேரத்தில் வேறு மருந்துக்குத் தாவுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. 650 மாத்திரையை இரண்டாகப் போட்டால் 1300 ஆகிவிடும், ஒரு வேளைக்கு அது அதிகம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 6 இருந்தால் நல்லது. டாக்டர் இல்லாமல் ஒரு நாளில் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், தினமும் குடிப்பவர் என்றால் 500-க்கு மேல் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சளி மாத்திரை சாப்பிட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். ஜலதோஷக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஏற்கனவே பாராசிட்டமால் இருக்கிறது, தெரியாமல் இரட்டிப்பாகும்.

ஐபுபுரூஃபன் 400 நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமைக்கான மருந்து, டெங்கு சீசன் என்று இத்தனையையும் இரவு ஷிப்டில் ஒரு ஊழியர் விசாரித்துக் கொடுப்பார் என்று நம்புவதற்கில்லை.

இப்போது முக்கியமானது. மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சாதாரண பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ மாதம் 15 நாள், அல்லது காஃபின் கலந்த கூட்டு மாத்திரை, டிரிப்டான் (மைக்ரேனுக்கான மருந்து), டிரமடால் (ஓபியாய்டு வலிமருந்து) வகை மாதம் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மூளை அந்த மருந்துக்குப் பழகி, மருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் வலியைக் கிளப்பும். பெட்டிக்கடையில் ஒற்றையாகக் கிழித்துத் தரும் சாரிடான் போன்றவை இந்த 10 நாள் கணக்கில்தான் வரும், அதில் காஃபினும் இருக்கிறது. டீயோடு சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் தினமும் கிளம்பும் தலைவலிக்கு வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். கணக்கு மாத்திரைகளுக்கல்ல, நாட்களுக்கு. ஒரே நாளில் மூன்று போட்டாலும் அது ஒரு நாள்.

ஆகவே பதிவேட்டில் ஊழியர் எண் வாரியாக எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அல்லது மாதத்தில் 8 நாளுக்கு மேல் வந்தவருக்கு மாத்திரையை மறுத்து டாக்டருக்குக் கடிதம் கொடுங்கள். நிறுத்தினால் முதல் 2 முதல் 10 நாள் வரை வலி கூடும், அப்புறம் இறங்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே கடைக்குப் போய்விடுவார். டிரமடால் போன்றவற்றை டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மாதம் 15 நாளுக்கு மேல் டென்ஷன் தலைவலி இருப்பவருக்கு வலி வந்தபின் போடும் மாத்திரை அல்ல, வராமலிருக்க இரவில் குறைந்த அளவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துதான் தேவை. பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வாய் வறளும், காலையில் தூக்கம் கலக்கும். மனநோய் மாத்திரை என்று கூகுளில் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அதையும் சொல்லி வையுங்கள்.

தைலம்? தடவலாம். மென்தால் நெற்றியில் குளிர்ச்சி கொடுத்து வலியுணர்வை மழுங்கச் செய்யும், மாத்திரைக் கணக்கிலும் ஏறாது. கண்ணுக்கு ஒரு அங்குலம் தள்ளி. கைக்குழந்தையின் மூக்கருகே தடவ வேண்டாம், தைலத்தில் உள்ள கற்பூரம் குழந்தைக்கு ஆகாது. சுக்குப் பத்தும் அப்படித்தான், தோல் எரிந்தால் கழுவிவிட வேண்டும்.

---

பிடரி_பிசியோ:

4 மணி கோஷ்டிக்கு நான் சொல்றேன். மேல் கழுத்து நரம்புகளும் முகத்து நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்துக்குத்தான் தகவல் அனுப்புது. அதனால பிடரித் தசை இறுகினா வலி நெற்றியில தெரியும். சோதிச்சுப் பாருங்க: மண்டையோட்டு அடி விளிம்புல, நடு எலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டை விரலால அழுத்துங்க. "அதேதான், நெத்தியில தெரியுது"ன்னு சொன்னா நெத்தியில தைலம் தடவி என்ன பலன்? வேலை கழுத்துல இருக்கு.

லேப்டாப்பை மேசையிலேயே வச்சு வேலை செஞ்சா தலை குனிஞ்சேதான் இருக்கும், வேற வழியில்ல. ஸ்டாண்ட் வாங்குங்க, இல்லாட்டி பழைய ஃபைல்களை அடுக்குங்க. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துல அல்லது கொஞ்சம் கீழே, தூரம் 50 முதல் 70 செ.மீ., அதாவது கை நீட்டினா விரல் தொடணும். தனி கீபோர்டு, மவுஸ் கட்டாயம். அது இல்லாம ஸ்டாண்ட் மட்டும் வாங்கினா தோள் ரெண்டும் காதுக்கு ஏறிடும், முன்னைவிட மோசம். நாற்காலிக் கைப்பிடி உயரமா இருந்தாலும் இதே கதை. முழங்கை தொங்கும் உயரத்துக்கு இறக்குங்க, இறங்கலைன்னா கழட்டிடுங்க. ரெண்டு மானிட்டர் வச்சிருக்கிறவங்க, அதிகம் பார்க்கிறது நேர் எதிர்ல இருக்கணும்.

பயிற்சி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம்:

நாடியை உள்ளே இழுக்கிறது. பார்வை நேரா, தலை குனியாம, நிமிராம, நாடியைப் பின்னால தள்ளி இரட்டை நாடி வர்ற மாதிரி 5 விநாடி, 10 தடவை. தலையைக் குனிஞ்சு செஞ்சா பலன் இல்ல, பெரும்பாலும் இங்கதான் தப்பு நடக்குது.

தோள்தசை. உட்கார்ந்து, வலது கையால நாற்காலி அடியைப் பிடிச்சு, தலையை இடது தோள் பக்கம் சாய்ச்சு 20 விநாடி. அப்புறம் மூக்கை இடது அக்குளைப் பார்த்துத் திருப்பி இன்னொரு 20. மறுபக்கமும் அதே மாதிரி. இழுவை தெரியணும், வலி தெரியக் கூடாது. கை மரத்தாலோ தலை சுத்தினாலோ நிறுத்திடுங்க.

வீட்ல: ஒரு சாக்ஸுக்குள்ள ரெண்டு டென்னிஸ் பந்து போட்டு முடிச்சு. மல்லாந்து படுத்து, மண்டையோட்டு விளிம்புக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, நடு எலும்பு இடைவெளியில. 3 நிமிஷம், லேசா தலையை ஆமாம்னு ஆட்டுங்க. கிரிக்கெட் பந்து வேண்டாம், நரம்பை நசுக்கும்.

நீட்டுறது மட்டும் போதாது, கழுத்தும் தோளும் வலுவாகணும். வாரம் மூணு நாள் உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சி, 12 தடவை வீதம் 3 சுற்று. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். ரெண்டாவது வாரமே "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டுடுவாங்க.

பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கான்னு பாருங்க. வாய் மூடியிருக்கும்போது உதடு சேரணும், பல் சேரக் கூடாது. மானிட்டர் ஓரத்துல ஒரு புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணுல படுறப்போ எல்லாம் தாடையைத் தளர்த்தச் சொல்லுங்க. நெத்திப்பொட்டு வலிக்கு இது பாதி வைத்தியம்.

ஹெல்மெட்டும் சேர்த்தி. ஓஎம்ஆர்ல ஒரு மணி நேரம் ஓட்டி வந்து, கழட்டினதும் ஒரு மணி நேரத்துக்குள்ள விட்டுப்போகும் நெத்தி வலின்னா அது ஹெல்மெட் அழுத்தம். புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப்பைச் சுத்தி அளந்து, அந்த அளவுக்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா வாங்குங்க. நாடிப் பட்டையைத் தளர்த்தி விட்டா வலி போகாது, உயிர்தான் போகும். இழுத்துக் கட்டின குதிரைவால் கொண்டையும் இதே மாதிரி வலி தரும், அவிழ்த்தா சரியாயிடும்.

இன்னொண்ணு, இதைப் பெரிய எழுத்துல போடுங்க. சலூன்ல முடி வெட்டினப்புறம் தலையைப் பிடிச்சு வெடுக்குன்னு திருப்பி நெட்டி எடுக்கிறது வேண்டவே வேண்டாம். கழுத்து எலும்புக்குள்ள ஓடுற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழியலாம், இளைஞர்களுக்குப் பக்கவாதம் வர்ற காரணங்கள்ல அதுவும் ஒண்ணு. தலையைத் தடவி விடச் சொல்லுங்க, திருப்பினா எழுந்துடுங்க. பார்லர்ல தலையைத் தொட்டியில பின்னால ரொம்ப நேரம் தொங்கப் போடுறதும் அதே ஆபத்துதான், பிடரிக்கு அடியில துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லணும். இதெல்லாம் நடந்து சில நாளுக்குள்ள ஒரு பக்கக் கழுத்துவலியோட புதுத் தலைவலி, இமை இறங்கல், ரெட்டையா தெரியறது, தள்ளாட்டம் வந்தா நைட்_டியூட்டி மேடம் சொன்ன பட்டியல்ல சேர்த்துக்குங்க.

---

வார்டு_ரவுண்ட்ஸ்:

பிசியோ சொன்னதில் ஒரு திருத்தம். பிடரியை அழுத்தினால் நெற்றியில் தெரிவது மைக்ரேன்காரர்களுக்கும் உண்டு. கழுத்துவலியும் மைக்ரேன் தொடங்கும் அறிகுறியாக வருவது சகஜம். ஆகவே பயிற்சி செய்தும் குமட்டலோடு வந்துகொண்டே இருந்தால் கழுத்தையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

---

பிடரி_பிசியோ:

சரிதான் டாக்டர். 8 வாரத்துல மாறலைன்னா நாங்களும் திருப்பி அனுப்பிடுவோம்.

---

ஓஎம்ஆர்_முதலுதவி:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை காலையிலும், ரம்ஜான் நோன்பு தொடங்கும் வாரத்திலும், ஏகாதசி அன்றும் கூட்டம் கூடுகிறது. பசிதான் காரணமா?

---

ஸ்ட்ரிப்_கிழிப்பவர்:

பசியும் உண்டு, ஆனால் முதலில் காபியைக் கேளுங்கள். தினமும் காபி குடித்துப் பழகியவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி கிளம்பும், 2 நாள் முதல் 9 நாள் வரை நீடிக்கலாம். ஞாயிறு காலை 6 மணி டிகாஷன் 10 மணிக்குத் தள்ளிப்போனாலே சிலருக்குப் போதும். நோன்பிருப்பவர், முதல் நோன்புக்கு 10 நாள் முன்பிருந்தே மூன்று நாளைக்கு ஒரு முறை அரை டம்ளர் குறைத்துக்கொண்டு வரலாம். மீதியிருப்பதை சஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிடும் உணவு) மாற்றிக்கொள்ளலாம். திடீரென்று நிறுத்துவதுதான் தவறு. சாதாரண நாட்களில் தினமும் ஒரே நேரத்தில் இரண்டு டம்ளர், மாலை 4-க்கு மேல் வேண்டாம். இரவு ஷிப்ட் ஆட்களுக்குப் படுக்கப் போகும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பு கடைசி காபி.

சாப்பாட்டு இடைவெளி 5 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து 11 மணிக்குப் பிஸ்கட்டும் டீயுமாகச் சமாளிப்பவருக்கு உங்கள் அறையில் முதலில் கொடுக்க வேண்டியது வாழைப்பழம். 20 நிமிடம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள், பலர் வர மாட்டார்கள்.

பதிவேட்டில் நான்கு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசி காபி நேரம், நேற்றுத் தூங்கிய மணி, இந்த மாதம் மாத்திரை போட்ட நாட்கள். பெண்களுக்கு விருப்பம் இருந்தால் மாதவிடாய்த் தேதியும். டாக்டரிடம் அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.